கிலுகிலுப்பை காயும் மாதம்

மஞ்சக்கல் தேயிலை எஸ்டேட் ஏழாம் நம்பர் லைன் வீடுகளில் குழாயடிக்குப் பக்கத்தில் நிற்கிற கிலுகிலுப்பைச் செடி முதன்முதலாகப் பேசியது ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில், பெண்கள் எல்லோரும் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கக் கிளம்புகிற நேரத்தில். அது சொன்னது "அம்மா, கொடம் நெறஞ்சிருச்சு" என்பது. சொன்ன குரல் ஐந்து வயது தர்ஷினியுடையது. தர்ஷினியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கு எண்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவளைப் பெற்ற தங்கபுஷ்பம் அழவில்லை, கத்தவில்லை, மயங்கியும் விழவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடினாள். அங்கே குடம் எதுவும் இல்லை என்பதையும், குழாயில் தண்ணீரே வரவில்லை என்பதையும் நாங்கள்தான் பார்த்தோம், ஆனால் சொல்லவில்லை.

பயந்தீர்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த மலையில் பயப்படுவதற்கு யானை இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, மண் சரிவு இருக்கிறது, சூப்பர்வைசர் ராஜமணி இருக்கிறார். இத்தனைக்கும் பயந்தது போக மிச்சம் இருந்தால்தானே ஒரு செடிக்குப் பயப்பட முடியும். நாங்கள் மஸ்டருக்குப் போனோம், பேர் கொடுத்தோம், கொழுந்தெடுத்தோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது இரண்டாவது காய் வெடித்து, ஜெபமாலையின் குரலில் அந்தோணியம்மாளின் பக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது. அந்த வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. அந்தோணியம்மாள் கேட்டாள், பதிலுக்கு அவளும் இரண்டு சொன்னாள், சண்டை மூண்டது, அதற்குப் பிறகு அந்தச் செடி எங்களில் ஒருத்தியாகிவிட்டது.

மாசி முடிவதற்குள் அதன் நியாயத்தை நாங்களே கண்டுபிடித்தோம். ஒரு பூவுக்கு ஒரு பேச்சு. கார்த்திகையில் பூ விரிகிற காலையில் அதன் காதில் முதலில் எது விழுகிறதோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூ உதிர்ந்து காயாகும், காய் உப்பும், உள்ளே விதைகள் கழன்று கிலுகிலுவென்று ஆடும், மாசி வெயிலில் காய்ந்து வெடிக்கும்போது பிடித்து வைத்ததைச் சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். பச்சைக் காயாகப் பறித்துப் பயனில்லை; ஒருத்தி பறித்துத் தன் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்தாள், அது மண்ணுக்கடியிலிருந்து நாலு நாள் பேசியது. தண்ணீருக்கு மட்டும்தான் அது அடங்கும், அதுவும் காய் முற்றிய பிறகு. அந்தோணியம்மாளின் பக்கெட்டில் தானாக விழுந்த ஒரு காய் இரண்டு குமிழி விட்டது, பிறகு ஊறி அழுகிப்போனது, அதில் யார் என்ன பேசியிருந்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

எங்கள் பாட்டன் பூட்டன்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தபோது சட்டிபானையோடு பேச்சியம்மனையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஆகவே பேசுகிற செடிக்குப் பேச்சி என்று பெயர் வைக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்களும் பேச்சி என்றே கூப்பிட்டன, அம்மனை மட்டும் விட்டுவிட்டு. அந்த வருஷம் ஐப்பசியில் செடிகளைப் படிக்கிற ஒரு மேடம் கல்லூரியிலிருந்து வந்தார், இலையை அளந்தார், மொட்டை அளந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார், இந்த வகைக் கிலுகிலுப்பை உலகத்திலேயே இந்த மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது என்றும், நூறு வருஷமாக யார் கண்ணிலும் பட்டதில்லை என்றும் சொன்னார். அது பேசும் என்று நாங்கள் சொன்னோம். "உள்ளூர் நம்பிக்கை" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பதினைந்து நாளில் செடியைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, தொட்டால் வழக்கு என்று போர்டு வந்தது. இப்படியாக, எங்கள் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கி வைத்திருக்கிற ஒன்றை வெட்டவும் வழியில்லாமல் போயிற்று.

இப்போது ஆவுடையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்களுக்குத் தெரியாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆவுடை, தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்து வீடு, நாலு வயது மூத்தவள். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்தெடுக்கிறார்கள். காலையில் இவள் படங்கை அவள் கட்டிவிடுவாள், அவள் படங்கை இவள் கட்டிவிடுவாள். எங்கள் லைனில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பிள்ளையை உள்ளே வைத்து வெளியே கதவுக் கொண்டி போடாமல் எவளும் அடுத்த வாசலுக்குக்கூடப் போகமாட்டாள். அந்தக் கார்த்திகைச் சாயங்காலமும் தங்கபுஷ்பம் தர்ஷினியை டிவி முன்னால் உட்காரவைத்து, கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் குழாயடிக்குப் போனாள். அவள் போன பிறகு ஆவுடை, தான் இரவல் கொடுத்திருந்த சல்லடையை எடுக்க வந்தாள். பக்கத்து வீட்டுக்குள் போக யாரிடமும் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கொண்டியை எடுத்தாள், உள்ளே போனாள், ஒரு கையில் சல்லடையும் ஒரு கையில் கைமாற்றாக அள்ளிய மாவுமாக வெளியே வந்தாள், கதவைக் குதிகாலால் இழுத்துவிட்டாள், கொண்டி போடவில்லை. பனி இறங்கியிருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பிள்ளையின் ஒரு செருப்பு தேயிலைக்குள் கிடைத்தது.

"நான் கொண்டி போட்டேன்" என்று முதல் வாரம் தங்கபுஷ்பம் சொன்னாள். "போட்டதாத்தான் ஞாபகம்" என்று இரண்டாவது வாரம் சொன்னாள். ஒரு மாதம் கழித்து, "போடலையோ" என்றாள். அதற்குப் பிறகு யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, "நான் போடல" என்று சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். அவள் புருஷன் மாசானம் நாலாம் நம்பர் லைனில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான், வழியில் பார்த்தால் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நடப்பான். அவள் இல்லாத இடத்தில் அவளுக்குக் கொண்டி என்றே பெயராகிவிட்டது. "கொண்டி வாரா" என்போம், பேச்சை நிறுத்துவோம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான்.

ஆவுடை சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாள் கிடையாது. ஒவ்வொரு விடியற்காலையும் குழாயடிக்கு நடக்கிற வழியில் சொல்லிப் பார்ப்பாள், தங்கபுஷ்பம் படங்கைக் கட்ட முதுகைக் காட்டி நிற்கும்போது சொற்கள் தொண்டை வரைக்கும் வரும், முடிச்சு விழுந்ததும் உள்ளே போய்விடும். இப்படியே ஒரு வருஷம் ஓடி அடுத்த கார்த்திகை வந்தது. முந்தின வருஷம் முப்பது பூக்கூடத் தேறாத பேச்சி அந்த வருஷம் தலைகொள்ளாமல் பூத்தது. மஞ்சளாக, உள்ளே சிவப்புக் கோடு போட்டு, கொத்துக் கொத்தாக நானூறு பூ இருக்கும். குழாயடி வாயை மூடிக்கொண்டது. அதுவரைக்கும் ஊர் வம்பெல்லாம் அலசிப் பிழிந்த இடத்தில் பெண்கள் கையால் பேசினார்கள், கண்ணால் திட்டினார்கள். சிலபேர் வேண்டுமென்றே நல்ல வார்த்தையாகப் போட்டு வைத்தார்கள். ஜெபமாலை காலையில் எழுந்ததும் ஓடிவந்து, "என் மாமியா தங்கமானவ" என்று பூவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள். ராஜமணிகூட ஒருநாள் வந்து, ஒரு கையால் எடுக்காமல் இரண்டு கையாலும் கொழுந்தெடுக்க வேண்டும் என்று செடிக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

தர்ஷினி போன தேதி அன்றைக்குப் பனி குடத்தையே மறைத்தது. ஆவுடைதான் குழாயடிக்கு முதல் ஆள். மனசு முழுக்க அந்தத் தேதிதான் இருந்தது, செடி ஞாபகத்திலேயே இல்லை. குடத்தைக் குழாயில் வைத்துவிட்டு, தினமும் சொல்லிப் பார்ப்பதைச் சொன்னாள்: "ஏளா தங்கம், கொண்டிய எடுத்தது நான்தான். சல்லடைய எடுக்க வந்தேன். திரும்பப் போடாமப் போயிட்டேன்." பனி கொஞ்சம் நகர்ந்தது. அவள் முகத்துக்கு நேராக, வேலிக் கம்பிக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த கொத்தின் நுனியில், அப்போதுதான் விரிந்த ஒரு பூ ஈரமாக இருந்தது.

மாசியில் சரியான நாளில் அந்தக் காயை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டுவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை. நானூறில் அது எது என்று தெரிய வேண்டுமே. மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கோயில் கயிற்றை அறுத்து அந்தப் பூவின் காம்பில் கட்டினாள். கட்டி நிமிர்ந்தால் பின்னால் ஜெபமாலை நிற்கிறாள், கையால் கேட்கிறாள், என்ன, நேர்ச்சையா என்று. ஆவுடை தலையை ஆட்டினாள். எதுக்கு என்று ஜெபமாலை விடாமல் விரலைச் சுழற்றினாள். ஆவுடைக்கு வேறொன்றும் தோன்றவில்லை, முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

தேயிலைக்காட்டில் இருபது வருஷம் சரிவில் நின்றவளுக்கு முழங்கால் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் பேச்சி மூட்டுவலிக்குக் கைகண்ட தெய்வம் என்று ஆகிவிட்டது. ஏழாம் நம்பர் லைனில் ஆரம்பித்து, நாலாம் நம்பர், இரண்டாம் நம்பர், ஃபேக்டரி லைன் என்று பரவி, அடுத்த எஸ்டேட்டிலிருந்துகூட ஜீப் பிடித்து ஆட்கள் வந்தார்கள். வேலிக்குள் கையை விட்டுக் காம்பு காம்பாகச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். தொட்டால் வழக்கு என்ற போர்டிலும் ஒரு கயிறு கட்டினார்கள். இரண்டு பேருக்கு வலி குறைந்தும்விட்டது. தங்கபுஷ்பம் மட்டும் எதையும் கட்டவில்லை, அவளுக்கு மூட்டுவலி இல்லை. தை பிறந்தபோது ஆவுடை ஒருநாள் போய்ப் பார்த்தாள். பூ எல்லாம் உதிர்ந்து பச்சைக் காய்கள் தொங்கின, காய்க்கு ஒரு சிவப்புக் கயிறு, எல்லாம் ஒரே சிவப்பு, மழையில் நனைந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. அவளுடையது எந்தக் கொத்து என்பதுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் கூடையில் பாதிக் கொழுந்துதான் இருந்தது. ராஜமணி சத்தம் போட்டார். அது அவள் காதில் விழவே இல்லை.

தை முழுக்க எங்களுக்கெல்லாம் இதே நினைப்புதான். வாயை எவ்வளவு கட்டினாலும் எங்கேயாவது ஒரு வார்த்தை தவறியிருக்குமே. அது எந்தக் காயில் உட்கார்ந்திருக்கிறதோ. காய்கள் உப்பின, பச்சை மஞ்சளாகியது, மஞ்சள் பழுப்பாகியது. குழாயடிக்கு வருகிறவர்கள் காயைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், ஒரு மழை பெய்யாதா என்று இருக்கும். மாசி பிறந்ததும் தங்கபுஷ்பம் வந்து வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை முடிந்து நேராக அங்கேதான் வருவாள், இருட்டுகிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். பிள்ளையின் குரல் எங்கேயாவது ஒரு காயில் மிச்சம் இருக்கும் என்று அவளுக்கு எண்ணம். செத்த பிள்ளை போன கார்த்திகையில் எப்படிப் பேசியிருக்கும் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆவுடைக்குத்தான் உயிர் போயிற்று. வெடிக்கப்போகிற அந்தக் காய்க்கு ஒரு முழ தூரத்தில் தங்கபுஷ்பத்தின் காது இருந்தது. காலையில் படங்கைக் கட்டிவிடும்போது ஆவுடை முடிச்சை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டியதும், "குளுராக்கா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். ஆமாம் என்றாள் ஆவுடை.

மாசி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மலையில் காற்றுத் திரும்பியது. வறண்ட காற்று, கூடவே சுள்ளென்று வெயில். பேச்சி முழுக்கக் கிலுகிலுவென்று ஆடியது, ஆடி வெடிக்கத் தொடங்கியது. லைன் லைனாக ஜனம் ஓடிவந்தது. தன்னுடையது கேட்டுவிடக் கூடாதே என்று வந்தவர்கள் பாதி, அடுத்தவருடையது கேட்க வேண்டுமே என்று வந்தவர்கள் பாதி. "என் மாமியா தங்கமானவ" என்றது ஒரு காய், கூட்டம் சிரித்தது. ரெண்டு கையால எடு என்று ராஜமணி குரலில் அதட்டியது ஒரு காய். யாரோ இருமினார்கள், யாரோ பாதிப் பாட்டுப் பாடினார்கள், யாருடைய குழந்தையோ ஏழாம் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னது. குழந்தைக் குரல் வந்ததும் தங்கபுஷ்பம் எழுந்து நின்றுவிட்டாள், வேறு பிள்ளை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

ஆவுடை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். நேர்ச்சை முடிக்க வருகிறாள் என்று வழி விட்டோம். வேலிக்குள் கையை விட்டுக் கயிறு கயிறாகத் தள்ளித் தேடினாள், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னக்கா தேடுத?" என்றாள் தங்கபுஷ்பம்.

"என் கயித்த."

"மூட்டுவலிக்குக் கட்டினியே, அதா?"

"ஆமா."

"இரு, நான் பாக்கேன். உனக்குக் கண்ணு தெரியாது."

தங்கபுஷ்பம் எழுந்து, நாங்கள் கொழுந்தைத் தள்ளிப் பார்ப்பது போலக் காம்பு காம்பாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு அவசரம் இல்லை. பக்கத்தில் ஒரு காய் வெடித்தது, ஆவுடை கண்ணை மூடினாள், அது யாருடைய கோழியையோ கூப்பிட்டது. இன்னொன்று வெடித்தது, வெறும் தண்ணீர்ச் சத்தம்.

"இந்தா, இது உன் முடிச்சு" என்றாள் தங்கபுஷ்பம்.

பதினோரு வருஷம் தன் முதுகில் விழுந்த முடிச்சு அவளுக்குத் தெரியாதா. காம்போடு கிள்ளி எடுத்தாள். கொழுத்த காய், பழுப்பேறி ஓடு மெலிந்திருந்தது. கிலுகிலுப்பை கைக்கு வந்தால் எவளும் செய்கிற மாதிரி அதைக் காதோரம் வைத்து ஒருமுறை குலுக்கினாள்.

"நல்லாக் காஞ்சிருச்சுக்கா. என்ன செய்யணும்?"

"இதுல போட்டுரு" என்று ஆவுடை வாளியை நீட்டினாள்.

தங்கபுஷ்பம் கையை வாளிக்கு மேலே கொண்டுவந்தாள். தண்ணீருக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது, அவ்வளவுதான். விரலைத் தளர்த்தினால் இரண்டு குமிழியோடு கதை முடிந்துவிடும், தங்கபுஷ்பம் சாகிற வரைக்கும் கொண்டியாகவே இருப்பாள், ஆவுடை சாகிற வரைக்கும் அவளுக்குப் படங்கு கட்டிவிடுவாள். வாளி சாய்ந்து தண்ணீர் ஆவுடையின் காலில் சிந்துவதை நாங்கள் பார்த்தோம். மூட்டுவலி முற்றிவிட்டது போல என்று ஒருத்தி சொன்னாள்.

"ஏளா தங்கம், கொண்டிய எடுத்தது நான்தான். சல்லடைய எடுக்க வந்தேன். திரும்பப் போடாமப் போயிட்டேன்."

அது எல்லோருக்கும் கேட்டது. ஓடு உடைந்த சத்தமும் கேட்டது. காய் முதலில் சொன்னதா, ஆவுடை முதலில் சொன்னாளா என்பதில்தான் எங்களுக்குள் இன்றைக்கும் தகராறு. காய்தான் என்று ஜெபமாலை வேதப் புத்தகத்தில் அடித்துச் சத்தியம் செய்வாள். ஆவுடையின் வாய் அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று அந்தோணியம்மாள் சொல்வாள். ஒரே குரல், ஒரே வார்த்தை, ஒரே நேரம். காயைக் கையில் வைத்திருந்தவளுக்கு மட்டும்தான் தெரியும், அவளிடம் யாரும் கேட்டதில்லை.

வாளி கீழே விழுந்து தண்ணீர் எங்கள் கால்களுக்கிடையில் ஓடியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மாசானம் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தோம், அடித்திருந்தால் எங்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆவுடை தலையைக் குனிந்து அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் அவள் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ உள்ள போகும்போது அவ முழிச்சிருந்தாளா?"

"டிவி பாத்துக்கிட்டு இருந்தா."

"உன்னப் பாத்தாளா?"

"பாத்தா."

"ஏதாவது சொன்னாளா?"

ஒன்றேகால் வருஷமாக விடியற்காலையில் சொல்லிப் பார்த்ததில் இது இல்லை. இதைத் தனக்குத்தானே சொல்லக்கூட ஆவுடைக்குத் தைரியம் வந்ததில்லை என்பது அவள் வாய் கோணிக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

"பெரியம்மா, எங்கம்மா எங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"கொழாயடிலதான் நிக்கா, வந்துருவான்னு சொன்னேன்."

அப்படியென்றால் பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு எங்கே கிளம்பியது என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. ஜெபமாலை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் மனதுக்குள், கேட்காதே, இதற்கு மேல் எதையும் கேட்காதே என்று சொல்லிக்கொண்டேன்.

தங்கபுஷ்பம் ஆவுடையின் கையைப் பிடித்து ஈர மண்ணில் உட்காரவைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் பேச்சி வெடித்துக்கொண்டே இருந்தது. யாருடைய ரகசியமோ, யாருடைய வசவோ, யாருடைய கள்ளச் சிரிப்போ வெயிலில் உதிர்ந்தது, ஆனால் யாரும் காது கொடுக்கவில்லை.

"அவ கேட்ட மாதிரியே சொல்லு" என்றாள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் காத்திருந்தாள். கடைசியில், நாற்பது வயதுப் பெண்ணின் தொண்டையிலிருந்து முடிந்த மட்டும் சின்னதாக, இழுத்து இழுத்து வந்தது:

"பெரியம்மா, எங்கம்மா எங்க?"

தங்கபுஷ்பம் கண்ணை மூடிக் கேட்டாள். கையை விடவில்லை.

"இன்னொருக்கா" என்றாள்.

ஆவுடை சொன்னாள். நாங்கள் ஒவ்வொருவராக அங்கேயிருந்து நகர்ந்தோம், சமைக்கப் போனோம், துணி எடுக்கப் போனோம், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். சாத்திய கதவுக்குள்ளும் அது கேட்டது. ஆவுடை அழுதுகொண்டே நிறுத்தப் பார்த்தபோதெல்லாம், தங்கபுஷ்பம் "இன்னொருக்கா" என்றாள்.